கம்பெனி மாறும் காலம்

குற்றாலத்தில் சீசன் என்ற சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஆனியில் தொடங்கி ஆவணி வரை ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்றும், அது கொண்டுவரும் சாரலும், பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் இடையே நகரும் கூட்டமும் சேர்ந்ததே சீசன். கிரிக்கெட்டுக்கும் இன்று அதே சொல்தான் வழங்குகிறது. 2025ஆம் ஆண்டில் இந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. ஐ.பி.எல். இறுதியாட்டம் ஜூன் 3ஆம் தேதி முடிந்தது. பிறகு சாரல் மாதங்கள். ஆட்டம் ஓய்ந்த அந்த மாதங்களில்தான் பேச்சு வலுத்தது. ராஜஸ்தான் ராயல்ஸ் அணியின் தலைவர் சஞ்சு சாம்சன் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு வருகிறாராம். அவருக்கு ஈடாக யாரைக் கொடுப்பார்கள்?

தென்காசிச் சீமைக்கு இந்தப் பேச்சில் ஒரு தனி ஈடுபாடு இருப்பது இயல்பு. சாம்சனின் ஊர் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞம் கடற்கரைப் பகுதி. தென்காசியிலிருந்து பார்த்தால் சென்னையைவிட அதுவே மிக அருகில் இருக்கிறது. செங்கோட்டை, 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநில எல்லைகள் திருத்தப்படும் வரை, திருவிதாங்கூருக்கு உட்பட்டதாகவே இருந்தது. சீசன் நாட்களில் குற்றாலக் கடைவீதியில் தமிழுக்கு இணையாக மலையாளமும் ஒலிக்கும். ஆகவே மலைக்கு அந்தப் பக்கத்துப் பையன் இந்தப் பக்கத்து அணிக்கு வருகிறான் என்ற செய்தி, இங்கே வெறும் விளையாட்டுச் செய்தியாக மட்டும் இருந்திருக்க முடியாது.

இந்தக் கட்டுரை அந்தப் பேச்சைப் பற்றியது. ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள்.

முதலில் அந்த சீசனில் நடந்த மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்ச் 30ஆம் தேதி குவாஹாட்டியில் ராஜஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் சென்னை அணித்தலைவர் ருதுராஜ் கெய்க்வாட்டின் முழங்கையில் பந்து பட்டது. எலும்பில் கீறல். ஏப்ரலில் அவர் விலக, நாற்பத்து மூன்று வயதான தோனி மறுபடியும் தலைவரானார். கெய்க்வாட்டின் இடத்துக்கு மும்பையிலிருந்து பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே 30 இலட்சத்துக்கு வந்தார். தமிழ்நாட்டு வேகப்பந்து வீச்சாளர் குர்ஜப்னீத் சிங் காயமடைய, ஏலத்தில் எவரும் எடுக்காமல் விட்டிருந்த தென்னாப்பிரிக்காவின் டெவால்ட் பிரெவிஸ் 2.2 கோடிக்கு வந்தார். வன்ஷ் பேடிக்குப் பதிலாக உர்வில் படேல் வந்தார். இத்தனைக்குப் பிறகும் அணி பதினான்கு ஆட்டங்களில் நான்கை மட்டும் வென்று கடைசி இடத்தில் நின்றது. சென்னை அணியின் வரலாற்றில் அதுவே முதல்முறை.

இவை அனைத்தும் காயம் பட்டவருக்குப் பதிலாள் எடுத்த கதைகள்தாம். அமெரிக்கப் பேஸ்பாலில் இருப்பதுபோல, சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே ஜூலை இறுதிக்குள் இவரைக் கொடுத்து அவரை வாங்கிக்கொள்ளும் சந்தை இங்கே வேரூன்றவில்லை. ஐ.பி.எல்.லில் கைமாற்று என்பது பெரும்பாலும் சீசன் முடிந்தபின் தொடங்கி ஏலத்துக்குச் சற்று முன்புவரை நடக்கும் காரியம். எனவே வதந்திக்கு உகந்த காலமும் அதுதான்.

அந்த ஆண்டு ஜூலை முதல் நவம்பர் வரை செய்தித்தாள்களில் ‘அணி வட்டாரங்கள்’ பேசிக்கொண்டே இருந்தன. சாம்சன் தன்னை விடுவிக்கக் கேட்டிருக்கிறார் என்றன. ஈடாகச் சொல்லப்பட்ட பெயர்கள் வாரத்துக்கு வாரம் மாறின. ஆகஸ்டில் ரவிச்சந்திரன் அஸ்வின் தம்முடைய இணைய நேர்காணலில் சாம்சனை எதிரே உட்காரவைத்துக்கொண்டு, நான் கேரளத்தில் இருந்துகொள்கிறேன், நீங்கள் சென்னைக்கு வந்துவிடுங்கள் என்ற பொருளில் வேடிக்கை பேசினார். அப்போது அஸ்வினும் சென்னையை விட்டு விலகப்போகிறார் என்ற பேச்சு எழுந்திருந்தது. அந்த மாதம் 27ஆம் தேதி அவர் ஐ.பி.எல்.லிலிருந்தே ஓய்வு பெற்றுக்கொண்டார். வட்டாரங்கள் பேசின, நண்பர்கள் கேலி பேசினார்கள், ரசிகர்கள் சண்டை பேசினார்கள். சம்பந்தப்பட்ட ஆட்டக்காரர்கள் மட்டும் நேரடியாக ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இந்த மௌனம் தற்செயலானது என்று நான் நினைக்கவில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர், நவம்பர் 15ஆம் தேதி அறிவிக்கப்பட்ட கைமாற்றில் சாம்சனுக்கு ஈடாகச் சென்ற ரவீந்திர ஜடேஜாவேதான்.

2008இல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையை வென்று திரும்பிய ஜடேஜாவை எடுத்துக்கொண்டது ராஜஸ்தான் அணி. முதல் ஐ.பி.எல். இறுதியாட்டத்தில் அந்த அணி சென்னையை வென்றது. இரண்டு சீசன்கள் கழிந்தன. ராஜஸ்தானுடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல், மும்பை அணியுடன் தாமாகவே பேச முயன்றார் என்பதற்காக 2010 சீசன் முழுவதும் ஆட அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. அவர் செய்தது, சாதாரண உலகில், வேறு வேலை தேடியது. ஐ.பி.எல். உலகில் அது விதிமீறல். ஓர் அணி இன்னோர் அணியுடன் அவரைப் பற்றிப் பேசலாம். அவர் தம்மைப் பற்றி இன்னோர் அணியுடன் பேசக்கூடாது.

தடை முடிந்து 2011இல் அவர் போன இடம் கொச்சி டஸ்கர்ஸ் கேரளா. விலை ஒன்பதரை இலட்சம் டாலர். அந்த அணி ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டு நீக்கப்பட்டது. 2012 ஏலத்தில் சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் உச்சவரம்பான இருபது இலட்சம் டாலரில் வந்து முட்டிக்கொண்டன. அத்தகைய நிலைக்கென ஒரு விதி இருந்தது: இரண்டு அணிகளும் ஒரு தொகையை எழுதி மூடிக் கொடுக்க வேண்டும், அதிகம் எழுதியவருக்கு ஆட்டக்காரர். சென்னை அதிகம் எழுதியது. எவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை. அந்தத் தொகை போனது கிரிக்கெட் வாரியத்துக்கு. ஆட்டக்காரருக்கு அதில் காசு கிடையாது. தம்முடைய உண்மையான சந்தை விலை என்னவென்று ஊரறியாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் ஜடேஜாதான்.

பிறகு நடந்தது சென்னை ரசிகர்களுக்கு மனப்பாடம். 2016, 2017 இரண்டு ஆண்டுகள் சென்னையும் ராஜஸ்தானும் இடைநீக்கம் செய்யப்பட்டபோது ஜடேஜா குஜராத் லயன்ஸுக்குப் போனார். சாம்சன் டெல்லிக்குப் போனார். இருவரும் 2018இல் பழைய வீட்டுக்குத் திரும்பினார்கள். 2022இல் ஜடேஜா தலைவராக்கப்பட்டு, சீசன் நடுவிலேயே பொறுப்பைத் தோனியிடம் திருப்பிக் கொடுத்தார். அப்போதும் அவர் போய்விடுவார் என்ற பேச்சு மாதக்கணக்கில் ஓடியது. 2023 மே மாதம் அகமதாபாத்தில், நள்ளிரவு தாண்டிய இறுதியாட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் ஒரு ஆறும் ஒரு நான்கும் அடித்து அவர் கோப்பையைப் பெற்றுத் தந்தபோது அந்தப் பேச்சு அடங்கியது. 2025இல் மறுபடி எழுந்தது. இம்முறை உண்மையாயிற்று.

விதிமுறையை நியாயமாகப் பார்த்துவிட வேண்டும். ஐ.பி.எல். கைமாற்றுக்கு ஆட்டக்காரரின் சம்மதம் தேவை. ஜடேஜாவும் சாம்சனும் சம்மதித்தார்கள். ஆகவே யாரையும் கட்டி இழுத்துப் போனதாகச் சொல்ல முடியாது. ஆனால் சம்மதிப்பதும் தொடங்குவதும் வேறு வேறு. பெண் பார்க்க வந்தவரிடம் ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை ஒன்று. தானே ஒருவரைத் தேடிக்கொள்ளும் உரிமை இன்னொன்று. நம் சமூகம் இரண்டாவதைத் தர எத்தனை காலம் எடுத்துக்கொண்டது என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

பேஸ்பாலில் நிலைமை இதைவிடக் கடுமையாக இருந்தது. 1879இல் அணி உரிமையாளர்கள் தங்களுக்குள் இரகசியமாகச் செய்துகொண்ட ஏற்பாடு ஒன்று, பின்னர் எல்லா ஒப்பந்தங்களிலும் ஒரு பிரிவாக நுழைந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரர் பழைய அணிக்கே உரியவர். அணி விரும்பினால் அவரை விற்கலாம், மாற்றலாம், வைத்துக்கொள்ளலாம். 1920 ஜனவரியில் பாஸ்டன் அணி பேப் ரூத்தை நியூயார்க்கிற்கு ஓர் இலட்சம் டாலருக்கு விற்றதாக அறிவித்தபோது, விற்கப்பட்டவரின் கருத்து அதில் ஒரு பொருட்டாக இல்லை. 1922இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், பேஸ்பால் மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தில் சேராது, எனவே ஏகபோகத் தடுப்புச் சட்டம் அதைத் தொடாது என்று தீர்ப்பளித்தது. ஒவ்வொரு வாரமும் ரயிலேறி மாநிலம் மாநிலமாகப் போய் டிக்கெட் விற்று ஆடியவர்களைப் பற்றிய தீர்ப்பு இது!

இந்தச் சுவரில் முட்டியவர் கர்ட் ஃப்ளட். செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடியவர், இரண்டு முறை உலகத் தொடர் வென்ற அணியில் இருந்தவர், கறுப்பினத்தவர். 1969 அக்டோபரில் அவரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். செய்தி ஒரு தொலைபேசி அழைப்பில் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி அவர் பேஸ்பால் ஆணையர் பூவி கூனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இத்தனை ஆண்டு ஆடிய பிறகும் தாம் வாங்கி விற்கப்படும் சொத்தாக இருக்க விரும்பவில்லை, மற்ற அணிகள் தருவதையும் கேட்டுப் பார்க்கத் தமக்கு உரிமை உண்டு என்பதே அதன் சாரம். ஆணையர் மறுத்தார். ஃப்ளட் வழக்குத் தொடுத்தார். விசாரணையின்போது அப்போது ஆடிக்கொண்டிருந்த ஆட்டக்காரர் ஒருவர்கூட நீதிமன்றத்துக்கு வரவில்லை. ஓய்வுபெற்றுவிட்ட ஜாக்கி ராபின்சன் வந்து சாட்சி சொன்னார். 1972இல் உச்சநீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் ஃப்ளட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1970 முழுவதும் ஆடாமல் இருந்த அவர், 1971இல் வாஷிங்டன் அணியில் பதின்மூன்று ஆட்டங்கள் ஆடிவிட்டு வெளியேறியிருந்தார். வயது முப்பத்து மூன்று.

அவர் தோற்றதிலிருந்து மற்றவர்கள் பெற்றுக்கொண்டார்கள். 1973இல், மொத்தம் பத்து ஆண்டுகள் ஆடி, கடைசி ஐந்து ஆண்டுகள் ஒரே அணியில் இருந்தவரை அவர் சம்மதமின்றி மாற்ற முடியாது என்ற விதி வந்தது. 1975 டிசம்பரில் பீட்டர் ஸைட்ஸ் என்ற நடுவர், ஒப்பந்தம் முடிந்தவர் எந்த அணியுடனும் பேசலாம் என்று முடிவு சொன்னார். ஜடேஜா 2010இல் எதற்காகத் தண்டிக்கப்பட்டாரோ அதைத்தான் ஸைட்ஸ் உரிமை என்று சொல்லியிருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே.

இதையெல்லாம் படிக்கும்போது, இந்தப் பிரச்சினையை நாம் அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்துகொள்ளத் தேவையில்லை என்று தோன்றுகிறது. குற்றாலத்திலிருந்து செங்கோட்டை கூப்பிடு தூரம்தான். செங்கோட்டை கங்காதர ஐயர் கிட்டப்பா, எஸ்.ஜி. கிட்டப்பா, 1906இல் அங்கே பிறந்தவர். சிறுவயதிலேயே சகோதரர்களோடு மேடையேறினார். கன்னையா கம்பெனியில் புகழின் உச்சிக்குப் போனார். அந்தக் காலத்து நாடக உலகம் இரண்டு முறைகளில் இயங்கியது. ஒன்று கம்பெனி முறை. குறிப்பாகப் பாய்ஸ் கம்பெனிகளில் பெற்றோர் ஒப்புக்கொடுத்துவிட்டுப் போன சிறுவர்கள், வாத்தியாரின் கண்காணிப்பில் உண்டு, உறங்கி, பாடம் செய்து, ஊர் ஊராகப் போவார்கள். நடிகர் கம்பெனிக்குச் சொந்தம். நன்றாகப் பாடும் பையனை இன்னொரு கம்பெனிக்காரர் ஆள் விட்டு இழுப்பதும், இரவோடிரவாக ஒருவர் காணாமற்போய் அடுத்த ஊரில் வேறு கொட்டகையில் தோன்றுவதும் அன்றைய வழக்கம். அவ்வை தி.க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ வாசித்தவர்களுக்கு அந்த உலகத்தின் வாசனை தெரியும். ராஜபார்ட் நாளைக்கு இருப்பாரா என்பது கம்பெனி முதலாளிக்கு மழையைப்போல ஒரு கவலை.

இன்னொன்று ஸ்பெஷல் நாடகம். இதில் கம்பெனியே கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறோர் ஊரிலிருந்து. ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு இரவுக்குப் பேசிக்கொண்டு வந்து, ஒத்திகை இன்றி மேடையில் சந்திப்பார்கள். எல்லோருக்கும் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடம் தெரியும், அது போதும். நடிகர் தம் விலையைத் தாமே பேசினார், அல்லது தமக்காக ஏஜெண்ட் பேசினார். பேஸ்பால் ஆட்டக்காரர்கள் ஒரு நூற்றாண்டு போராடிப் பெற்றதை நம் நாடகக்காரர்கள் மிகச் சாதாரணமாக, நோட்டீசில் பெயரும் ஊரும் போட்டுக்கொண்டு, செய்துவந்தார்கள். (பட்டினியும் இந்த முறையில்தான் அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கம்பெனிப் பையனுக்குச் சோறாவது நிச்சயம்.)

1926இல் கொழும்பில் கிட்டப்பாவும் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் எதிரெதிரே நின்று பாடியபோது அப்படியொரு ஏற்பாட்டில்தான் சந்தித்தார்கள். அதற்கு முன்னால் அங்கே பரவியிருந்த வதந்தியும் ஒரு வகையில் ஆள்சேர்ப்பு வதந்திதான். கிட்டப்பா வருகிறார், அவர் குரலுக்கு எதிரே இந்தப் பெண் நிற்க முடியாது என்று சுந்தராம்பாளிடம் சொன்னார்கள் என்பார்கள். கிட்டப்பாவிடம் அதையே திருப்பிச் சொன்னார்கள் என்றும் கேட்டிருக்கிறோம். இரண்டு பேரும் மேடையில் நின்று பாடி அந்த வதந்தியை ஒரே இரவில் முடித்துவைத்தார்கள். கிட்டப்பா 1933 டிசம்பர் 2ஆம் தேதி இறந்தார். வயது இருபத்தேழு.

அந்த வதந்தியும் 2025இன் வதந்தியும் ஒன்றல்ல என்பதே நான் சொல்ல வருவது. ஸ்பெஷல் நாடகத்தில் ‘அவர் வருவாரா’ என்ற கேள்விக்கு அவரிடமே பதில் இருந்தது, போய்க் கேட்கலாம். பாய்ஸ் கம்பெனியில் பதில் முதலாளியிடம் இருந்தது. நடிகரிடம் கேட்டால் அவருக்கு ஆபத்து. இரண்டாவது வகை இடத்தில்தான் வதந்தி தழைக்கிறது. பேசக்கூடாதவனுக்காக வேறு யாரோ பேசவேண்டியிருக்கிறது. சாம்சன் உண்மையிலேயே போக விரும்பினார் என்றால், அதைத் தம் பெயரில் சொல்ல அவருக்கு வழி குறைவு. அந்தக் குறையில்தான் ‘வட்டாரங்கள்’ குடியேறுகின்றன. வதந்தியைப் பொய் என்று மட்டும் வைத்துக்கொண்டால் இதைப் புரிந்துகொள்ள முடியாது. பலசமயம் அது வாய்கட்டப்பட்ட உண்மை. சிலசமயம் விலையை ஏற்றவோ, ரசிகர்களின் சினத்தை ஆழம் பார்க்கவோ விடப்பட்ட புகை. எது எதுவென்று வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. அதுதான் அந்த ஏற்பாட்டின் வசதி.

கம்பெனி என்ற சொல்லுக்கு நெல்லைச் சீமையில் இன்னொரு பொருளும் உண்டு. தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்லை நம்பி 1946இல் தொடங்கப்பட்டது இந்தியா சிமெண்ட்ஸ். 1949இல் சங்கர் நகர் ஆலை ஓடத் தொடங்கியது. அக்காலச் சென்னை லீக் கிரிக்கெட் முழுவதும் இத்தகைய கம்பெனிகளின் நிழலில் வளர்ந்தது. ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளத்தில் ஒரு வேலை, மாலையில் வலைப்பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். ஆடுவது நின்றாலும் நாற்காலி நிலைக்கும் என்ற நம்பிக்கை அந்த முறையின் ஆதாரம். ராகுல் திராவிடும் தோனியும் அந்த நிறுவனத்தில் துணைத்தலைவர் பதவி வகித்தவர்கள். அதே நிறுவனம் 2008இல் 9.1 கோடி டாலர் கொடுத்துச் சென்னை ஐ.பி.எல். அணியை வாங்கியது. பின்னர் அணி தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டது. 2024 டிசம்பரில் சிமெண்ட் கம்பெனியே அல்ட்ராடெக் வசம் போய்விட்டது. ஆலை கைமாறியது, அணி கைமாறவில்லை. தாழையூத்தில் இதைப்பற்றிச் சிந்திப்பவர்கள் இருப்பார்கள்.

சங்கர் நகர் மைதானத்தில் 2016 முதல் டி.என்.பி.எல். ஆட்டங்கள் நடந்திருக்கின்றன, பெரும்பாலும் சாரல் மாதங்களில்தான். அந்தப் போட்டியில் ஆட்டக்காரர் மாறுவது இருக்கட்டும், அணிகளே ஊர் மாறியிருக்கின்றன. காஞ்சி வீரன்ஸ் நெல்லை ராயல் கிங்ஸ் ஆயிற்று. தூத்துக்குடி அணி சேலத்துக்குப் போயிற்று. காரைக்குடிக் காளை திருப்பூர்த் தமிழன் ஆனது. 2023இல் முதல்முறையாக அங்கும் ஏலம் வந்தபோது சாய் சுதர்சனைக் கோவை அணி 21.6 இலட்சத்துக்கு எடுத்தது. அப்போது அவருடைய ஐ.பி.எல். சம்பளம் 20 இலட்சம்! ஊர்க்கோயில் கொடைக்குக் கிடைக்கும் கூலி பட்டணத்துச் சபாவைவிடக் கூடுதலாக இருந்ததுபோல.

நவம்பர் 15ஆம் தேதி அறிவிப்பில் மூன்று பெயர்களும் மூன்று தொகைகளும் இருந்தன. சாம்சன் பழைய சம்பளமான 18 கோடிக்கே சென்னைக்கு. சாம் கரன் 2.4 கோடிக்கு ராஜஸ்தானுக்கு. சென்னை 18 கோடி கொடுத்துத் தக்கவைத்திருந்த ஜடேஜா, 14 கோடியாகக் குறைக்கப்பட்ட தொகைக்கு, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எந்த அணியை விட்டுப் போகப் பேசியதற்காகத் தடை பெற்றாரோ அதே அணிக்கு. ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 16ஆம் தேதி அபுதாபியில் நடந்த ஏலத்தில், காலியான அந்த இடத்துக்குப் பொருந்துவார் என்று சென்னை ஓர் இளைஞரை எடுத்தது. உத்தரப் பிரதேசத்தின் பிரசாந்த் வீர். இடக்கைச் சுழல், இடக்கை மட்டை, வயது இருபது, இந்திய அணிக்கு ஆடியதில்லை. அடிப்படை விலை 30 இலட்சம். முடிந்த விலை 14.2 கோடி. ஜடேஜாவின் புதிய சம்பளத்தைவிட 20 இலட்சம் கூடுதல்.